இரண்டு தடவை கேட்ட அம்மா

எங்கள் பனியன் கம்பெனி விடுதியில் பெண்களுக்கெல்லாம் உடம்பில் சிவப்புத் தடிப்பு. சாயம்தான் காரணம் என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். குண்டடம் பக்கம் கொட்டையோடு கிடந்த கழிவுப் பஞ்சை வாங்கி அவர்களுக்கு மெத்தை தைத்தவனும் நான்தான்.

பூச்சி ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா வந்தார். ஒல்லி உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ். எதையும் இரண்டு தடவை கேட்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மெத்தையைக் கிழித்து, ஒரு பருத்திக்கொட்டையைப் பிளந்து காட்டினார். உள்ளே செத்த புழுவின் மேல் முத்து முத்தாக ஏதோ ஒட்டியிருந்தது.

“உண்ணி ஜாதிங்க. புழுவை உறிஞ்சி வயிறு இப்படி ஊதிக்கும். குஞ்செல்லாம் வயித்துக்குள்ளயே முழுசா வளந்துரும். பெரும்பாலும் பொட்டை, ஆண் நாலஞ்சுதான். அந்த ஆணுக தாய் மேலயே காத்திருந்து, கூடப்பொறந்ததுக வெளிய வரவர இணை சேந்துக்கும். மனுசனையும் கடிக்கும்.”

“ஒண்ணு ரெண்டு தப்பிச்சா பரவால்லீங்களா?”

“ஒண்ணு போதுங்க. இணை சேந்துட்டுத்தான் பொட்டை தாயை விட்டே நகரும்.”

எரிப்பதற்காக மெத்தைகளைக் குவித்தோம். “எல்லாம் இதுதானுங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“எல்லாம் இதுதானுங்களா?”

அப்போதுதான் நினைவு வந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கென்று ஒரு மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது, பிறந்து சில நாளே ஆன பேத்தியின் முதுகில் இரண்டு தடிப்பு.

அவள் தேறிவிட்டாள். நான்தான் இப்போது எதையும் இரண்டு தடவை கேட்கிறேன். யார் சொல்லும் முதல் பதிலும் என்னுடைய அந்த “ஆமாங்க” போலவே காதில் விழுகிறது.