கழக்கூட்டம் ரோட்டில் நான் திறக்காத வால்வு

அந்த வாயுவுக்கு லேசான ஒரு இனிப்பு வாசனை உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்கம் கொடுப்பார்களே, அந்த நைட்ரஸ் ஆக்சைடுதான். பெட்ரோல் வாசனையோடு அது கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்...

எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு காஸ் ஏஜென்சியில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு நீலச் சிலிண்டர்களை அனுப்புவது என் பொறுப்பு. அந்த வேலைதான் எனக்கு வினையாக வந்தது.

வினைக்குக் காரணம் அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர். கரமனையில் வீடு, பேங்கில் உத்தியோகம். ஐந்து மணி வரைக்கும் பரம சாது. அதற்கு மேல் தன் பழைய ஃபியட்டின் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டால் சாப்பாடுகூட வேண்டாம் அவருக்கு. ஏதோ ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைக் கொச்சியில் தேடிப் பிடித்து, அந்த ஃபியட்டில் பொருத்தியும் விட்டார்.

அப்போதுதான் கல்ஃபிலிருந்து பாபு என்பவர் பளபளவென்று ஒரு புதுக் காரோடு வந்து இறங்கினார். ஃபியட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்வாமீ, இது ஓடுமோ? இல்லே, தள்ளணமோ?" என்றார்.

போதாதா? பந்தயம் முடிவாகிவிட்டது. கழக்கூட்டத்தில் தார் போட்டு இன்னும் திறக்காத புது ரோடு. கால் மைல். ஞாயிற்றுக்கிழமை காலை.

அத்திம்பேர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் சிலிண்டர் ஒண்ணு வேணும்டா. டர்போ காத்தைத் தள்ளும், அவ்வளவுதான். இது ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுக்கும், கேட்டியோ? ஆனா அதுக்கு ஈடா பெட்ரோலும் கூடப் போகணும். போகலேன்னா பிஸ்டன் உருகிடும்."

முதலாளியிடம் சொல்லித்தான் சிலிண்டரை எடுத்து வந்தேன். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் அத்திம்பேர் வீட்டு ஷெட்டில் இதே வேலை. சிலிண்டரைச் சுவரோரம் நிமிர்த்திக் கட்டி, அதிலிருந்து கார்ப்பரேட்டருக்குக் குழாய் இழுத்தோம். வாயு எவ்வளவு போகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோல் வருகிற துளையை, அதாவது ஜெட்டை, அத்திம்பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். எஞ்சின் சத்தம் சுத்தமாக வந்ததும் குழந்தை மாதிரி கை தட்டினார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். "நீயாவது அவருக்கு நல்ல புத்தி சொல்லப்படாதா?" என்று என்னைத்தான் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு சிலிண்டரை ஏற்றினேன். நிமிர்த்தி வைத்தால் கூரையில் முட்டியது. சாக்கைப் போட்டு, வால்வு முன்பக்கம் வருகிற மாதிரி படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினேன். வேலை கச்சிதமாக முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னால் உட்கார்ந்து, அத்திம்பேர் கத்தும்போது சிலிண்டர் சாவியால் வால்வைத் திறப்பது என் வேலை. பாபுவின் கார் பக்கத்தில் வந்து நின்றது. ஒருவர் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வால்வைத் துளி திருப்பி மூடினேன்.

'புஸ்' என்ற சத்தம் வரவில்லை. குழாய் ஒருமுறை துள்ளியது. வால்வோடு அது சேரும் மூட்டு வெள்ளை வெளேரென்று உறைந்தது. தொட்ட விரல் எரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்த சிலிண்டரில் மேலே இருப்பது ஆவி. படுக்க வைத்தால் அடியில் இருக்கும் திரவம்தான் வால்வுக்கு வரும். அது எத்தனையோ மடங்கு அதிகம். ஜெட்டை நாங்கள் சரிசெய்து வைத்தது ஆவியின் அளவுக்கு. இப்போது திறந்தால் பெட்ரோல் பற்றாது, எஞ்சின் உருகும். வெடித்தாலும் வெடிக்கும், அத்திம்பேரின் முகத்துக்கு நேராக. தினமும் சிலிண்டரோடு புழங்குகிற எனக்கு இது தோன்றவில்லையே!

வாயைத் திறப்பதற்குள் கைக்குட்டை விழுந்துவிட்டது.

ஃபியட் பாய்ந்தது. டர்போ ஊளையிட்டது. பாதி தூரத்தில் இரண்டு காரும் சமமாக ஓடின.

"திறடா!"

நான் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"திற! திறடா மண்டு!"

அக்காவின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. நான் திறக்கவில்லை.

இரண்டு கார் நீளத்தில் தோற்றோம். வண்டியை நிறுத்தி அத்திம்பேர் திரும்பிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"வால்வு இறுகிப் போச்சு, அத்திம்பேர்."

பொய். படுக்க வைத்தது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. டர்போவையும் கழற்றிவிட்டார். குழந்தை பிறந்த அன்றுதான், "மாமா ஆயாச்சு, வந்து பாரு" என்றார்.

ஒரு சின்ன விஷயம் ஞாபகம் இருக்கிறது. பந்தயத்துக்கு இரண்டு நாள் கழித்து முற்றத்துச் செம்பருத்தி ஒரு பக்கம் மட்டும் கருகிப் போயிருந்தது. "எவளோ வெந்நீரைக் கொட்டியிருக்கா" என்று அக்கா தெருவையே ஒரு பிடி பிடித்தாள்.

போன மாதம் அதே கழக்கூட்டம். அன்று அக்கா வயிற்றில் இருந்தவள்தான் இப்போது கார் ஓட்டினாள், அங்கேதான் ஐ.டி. வேலை. நாங்கள் சில நொடிகளில் கடந்த தூரத்தைக் கடக்க இருபது நிமிடம் ஆனது. ஏசி, பாட்டு, முன்னும் பின்னும் ஹாரன்... பின் சீட்டில் என் பக்கத்தில் அத்திம்பேர், எண்பதைத் தொட்டாயிற்று. எனக்கு என்னவோ தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"அத்திம்பேர், அன்னிக்கு வால்வு இறுகலை. நான்தான் திறக்கலை."

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியும். ஆத்துக்கு வந்து அதைப் படுக்கப் போட்டுத் திறந்து பார்த்தேன். வால்வு சுலபமாத்தான் திரும்பித்து. பனி மாதிரி கொட்டித்து. செம்பருத்தி கருகிப் போச்சு."

என் பக்கம் திரும்பினார்.

"திறக்காததுக்கா உன்னோட பேசாம இருந்தேன்? என்னண்ட பொய் சொன்னியே, அதுக்காக்கும். நீயா எப்பவாவது சொல்லுவேன்னு காத்துண்டிருந்தேன்."

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. அவள் கண்ணாடியில் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வண்டியைப் பத்தடி முன்னால் எடுத்தாள்.