இருபத்திரண்டாயிரம் பெசோவுக்கு ஓர் ஆறரை அடி

ரெமெடியோஸ் உமாலி என்று கேட்டால் சான் எலியாஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெடிங் என்று கேட்டால் வழியில் போகிற நாய்கூட வீட்டைக் காட்டிவிடும். அவளுடைய தாய் விருந்துச் சமையற்காரி. கல்யாணமோ ஞானஸ்நானமோ சாவோ, எந்த வீட்டில் பெரிய அண்டா ஏறினாலும் அங்கே தாயும் மகளும் இருப்பார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டவள் மெடிங். ஆனால் எந்தப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவார்கள், யார் யாரைக் கண்டால் எழுந்து போவார்கள் என்று ஆறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து ஊரின் வம்சம் முழுக்க அவள் தலைக்குள் ஏறிவிட்டது. இன்னார் பெற்றது எத்தனை, அதில் தங்கியது எத்தனை, எந்தப் பெண் எந்த ஊருக்கு வாக்கப்பட்டாள், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வரும்.

புருஷன் இஸ்கோ, ஊர்க் கூடைப்பந்துக் குழுவின் ஜீப்பை ஓட்டினான். அந்த வகையில் குழுவின் துணி துவைப்பதும் சோறு பொங்குவதும் மெடிங்கின் கைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. பன்னிரண்டு சட்டை, பன்னிரண்டு கால்சட்டை. ஒவ்வொரு சட்டையின் வேர்வையும் யாருடையது என்று மோந்தே சொல்லிவிடுவாள் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் ஆட்டம் தொடங்குமுன் குழுவுக்கு வந்த கஷ்டம் வெளியிலிருந்து வரவில்லை. மேயரே கொண்டுவந்தார். மாகாண லீக்கில் ஒரு சட்டம் உண்டு. ஒரு குழுவின் ஆட்டக்காரர் எல்லாருக்கும் சேர்த்து மாதம் நாலு லட்சம் பெசோவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது. ஒரு பெசோ கூடினாலும் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மேயர் ஊர்த் திருவிழா உற்சாகத்தில், மைக்கைப் பிடித்த கையோடு, மணிலாவிலிருந்து பிரிக்ஸ்டர் என்ற நட்சத்திரத்தை ஒன்றரை லட்சத்துக்கு எடுத்துவிட்டதாக அறிவித்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மேனேஜர் பெனிங் மலாலுவான் மேடைக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மற்ற ஒன்பது பேருக்கும் போக மிஞ்சியது முப்பத்துநாலாயிரம். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் சான் எலியாஸ்காரர்களாக இருக்கவேண்டும், அல்லது தாயோ தகப்பனோ இந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும். குழுவில் ஐந்து பேராவது ஊர் ரத்தமாக இருக்கவேண்டும் என்பது லீக்கின் இன்னொரு சட்டம். கையில் மூன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேராவிட்டால் இந்த வருஷம் ஆட்டமே கிடையாது. குழுவைக் கலைத்துவிடுவதாக மேயரும் சொல்லிவிட்டார். அப்படிக் கலைந்தால் மறுபடி ஒன்றுசேராது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெனிங் நோட்டும் கையுமாக மெடிங்கின் சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"சோறு போடட்டுமா?" என்றாள் மெடிங்.

"விஷம் இருந்தா போடுக்கா. எந்தக் குழுவிலயும் இல்லாத பையனுங்க பேரு அறுபது எழுதி வெச்சிருக்கேன். ஆட்டம் தெரிஞ்சவன் அம்பதாயிரம் கேக்கறான். மலிவா வர்றவனுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியல."

"உங்க நோட்டுல சம்பளம் எழுதியிருக்கு, உயரம் எழுதியிருக்கு. அவங்க அம்மா பேரு எழுதியிருக்கா?"

"அம்மா பேரு எதுக்குக்கா?"

"படிங்க சொல்றேன்."

பெனிங் ஒவ்வொரு பெயராகப் படித்தார். மெடிங் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். பதினேழாவது பெயரில் கையை நிறுத்தினாள். தொத்தோய் என்ற குட்டையன், பக்கத்து ஊரில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். திருவிழா ஆட்டங்களில் அரிசி மூட்டைக்கும் பன்றிக்கும் ஆடி, தூரத்திலிருந்து பந்தைப் போட்டு ஜெயிப்பவன்.

"அவன் அப்பன் நம்ம சுண்ணாம்புக் காளவாய்த் தெருவுல பொறந்தவன். அவன் ஞானஸ்நானச் சோறு எங்கம்மா பொங்கினது. பன்னிரண்டாயிரம் சொல்லுங்க, ஓடி வருவான்."

ஓடித்தான் வந்தான். வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான், பின்னால் இரண்டு சவாரிகளோடு.

நாற்பத்தோராவது பெயர் மெலெசியோ அப்ரெனிகா. ஆறரை அடி, முப்பத்தைந்து வயது. போன வருஷம் ஒரு குழு முழங்காலைக் காரணம் காட்டிக் கழற்றிவிட்டது. இப்போது லுசேனா மீன் துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமக்கிறான்.

மெடிங் கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் வீசிங் மகன்."

"எந்த வீசிங்?"

"மகலாலாத் வீட்டு வீசித்தாசியோன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லாரிக்காரனோட ஓடிப்போனாளே, டென்சோ அண்ணன் தங்கச்சி. பெனிங், அந்த வீட்டு ஆளுங்க எல்லாம் வாசல்ல குனிஞ்சு நுழையற உயரம். அவன் முழங்கால் போனா என்ன, கை போகலையே? கூடைக்கடியில நிக்க வைங்க, ஒரு பந்து வெளியே போகாது."

போன் அடித்தார்கள். "சார், ஒரு வருஷமா இந்த போன்ல ஐஸ் ஆர்டர் மட்டும்தான் வருது. நெஜமாவே கூடைப்பந்துக்கா?" என்றான் மெலெசியோ. இருபத்திரண்டாயிரம் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. கணக்கு ஒரு பெசோ பிசகாமல் நின்றது.

நின்ற கணக்கு சனிக்கிழமை காலை ஆடியது. வீசிங் பிறந்த வருஷத்துப் பதிவேடுகள் நகராட்சிக் கட்டடம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. பதிவு இல்லையென்றால் தாயின் உடன்பிறந்தவர் ஒருவர் வக்கீல் முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது லீக். உடன்பிறந்தவர்களில் உயிரோடிருப்பது ஒருவர்தான், டென்சோ மகலாலாத். அவர் முப்பத்தாறு வருஷமாகத் தங்கை பெயரை வாயால் உச்சரித்ததில்லை. வீட்டில் யாராவது உச்சரித்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

டென்சோவுக்கு நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு விற்கிற தொழில். மெடிங்கும் பெனிங்கும் போனபோது வரிசை வரிசையாக இருந்த ஜாடிகளுக்கு நடுவே ஐந்தாறு வேலைக்காரப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றார், அவர்கள் வாயைத் திறக்குமுன்.

"அண்ணே, ஊரு குழு கலைஞ்சிடும்" என்றாள் மெடிங்.

"கலையட்டும். பந்து விளையாடி யாருக்குச் சோறு வந்துது?"

"எனக்கு வந்துது" என்றாள் மெடிங். ஒரு பெண் சிரித்துவிட்டுச் சட்டென்று ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

டென்சோவுக்கு முகம் சிவந்தது. "மெடிங், நீ எல்லா வீட்டுக் கதையும் தெரிஞ்சவ. சொல்லு. அந்த லாரிக்காரன் இந்த வாசலுக்கு வந்தானா? என் அப்பனுக்கு ஒரு குடம் தண்ணி தூக்கினானா? ஒரு கட்டை விறகு பொளந்தானா? பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து பொண்ணு கேட்டானா? எங்கப்பன் சாகற வரைக்கும் இந்தப் படியிலதான் உக்காந்திருந்தார், எவனாவது வருவான்னு. அப்பன் செய்யாததை வேணும்னா மகன் வந்து செய்யட்டும். அப்புறம் பாக்கலாம்."

கோபத்தில் சொன்ன சொல். ஆனால் அத்தனை பேர் காதிலும் விழுந்த சொல்.

மெடிங் அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்கல்லடி?" என்றாள். பிறகு டென்சோவிடம், "நாளைக்குக் காலைல வருவான்ணே. விறகு இருக்கா, நாங்க கொண்டு வரணுமா?"

பெண் எடுக்கிறவன் பெண் வீட்டில் தண்ணீர் சுமந்து விறகு பிளந்து உழைத்துக் காட்டுவது அங்கே பழைய வழக்கம். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதி ஊர் டென்சோ வீட்டு வேலியோரம் வந்து நின்றது.

மெலெசியோ முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தான். வாசலில் குனிந்து நுழைந்தவனைப் பார்த்து டென்சோ ஒரு நொடி திகைத்துப் போனார். செத்துப்போன தகப்பனே எதிரில் வந்து நின்றதுபோல் இருந்தது அவருக்கு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"குழாய்த் தண்ணி ஆகாது. சரிவுக்குக் கீழ இருக்கற கிணத்துலேருந்து வரணும். ஜாடி நாப்பது இருக்கு" என்றார்.

"சரிங்க மாமா."

"மாமான்னு கூப்பிட இன்னும் நேரம் வரல."

"சரிங்க… சார்."

வேலியோரம் பையன்கள் கைகொட்டினார்கள். "முழங்கால் பத்திரம்டா நெட்டை!" என்று தொத்தோய் கத்தினான். பிரிக்ஸ்டர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உதவுவதாக ஒரு வாளியைத் தூக்கினான். டென்சோ அதைப் பிடுங்கி வைத்தார். "ஒன்றரை லட்சம் வாங்கறவன் என் தண்ணியத் தொடக்கூடாது. சிந்தினா யாரு கட்டறது?"

துறைமுகத்தில் அறுபது கிலோ ஐஸைத் தோளில் போட்டுக்கொண்டு வழுக்கும் பலகையில் ஏறுகிறவனுக்குத் தண்ணீர் பெரிதல்ல. தோளில் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தகர டின்னாக மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினான். பத்து மணிக்கெல்லாம் நாற்பது ஜாடியும் நிறைந்தன. விறகுக்குப் போனான். கோடாலிப் பிடி அவன் கையில் கரண்டிபோல் இருந்தது. அவன் ஓங்குகிற வீச்சைப் பார்த்துப் பெனிங் நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். முழங்காலில் ஒரு தடவைகூட அவன் கைவைக்கவில்லை.

மத்தியானம் பெண் கேட்கும் சடங்கு. மண்சட்டியில் சூரை மீன், வாழையிலையில் பொதிந்த அரிசிப் பலகாரம் எல்லாம் மெடிங் விடியுமுன்பே ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராகப் பெனிங், பேசுகிறவளாக மெடிங், பின்னால் வரிசையாகப் பதினோரு ஆட்டக்காரர்கள், துவைத்துத் தேய்த்த சட்டையில்.

"மகலாலாத் வீட்டுப் பொண்ணு வீசித்தாசியோனைக் கேட்டு வந்திருக்கோம்" என்றாள் மெடிங், குரலை உயர்த்தி.

"பொண்ணுக்கு வயசு என்ன?" என்றது வேலியோரம் ஒரு குரல்.

"அம்பத்தெட்டு. நல்ல வயசு. ஓடமாட்டா."

டென்சோவின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டென்சோ மட்டும் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளை எங்க? மகனை அனுப்பிட்டு லாரியில உக்காந்திருக்கானா?"

மெலெசியோ தலையைக் குனிந்தான். "அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு சார். சாகறதுக்கு முன்னாடி ஒருதரம் இந்த ஊருக்கு வந்தார். முக்குல லாரிய நிறுத்திட்டு இந்த வீட்டைப் பாத்துட்டு நின்னார். எறங்க தைரியம் வரல."

டென்சோ எட்டித் தெருமுக்கைப் பார்த்தார்.

"அப்போ அவ தனியாவா இருக்கா?" என்றார் டென்சோ. "ஆறு வருஷமாவா? எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லையா இந்த ஊருல?"

"சொன்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவீங்களேண்ணே" என்றாள் மெடிங்.

டென்சோ எழுந்து போய் மீன் சட்டியின் மூடியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். பெண் வீட்டார் வந்தவர்களின் சாப்பாட்டில் கைவைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பெனிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உப்பு கம்மி" என்றார் டென்சோ. "போனைப் போடுடா. உங்கம்மாகிட்ட நான் பேசணும்."

"சரிங்க மாமா" என்றான் மெலெசியோ. இந்தத் தடவை அவர் திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை வக்கீல் முன்னால் 'உறவு' என்ற இடத்தில் டென்சோ தன் கையாலேயே, கோணல் எழுத்தில், 'என் தங்கை மகன்' என்று எழுதினார். இஸ்கோ ஜீப்பை லீக் அலுவலகத்துக்குப் பறக்கவிட்டான். நாலு மணி முப்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. பன்னிரண்டு பெயர், ஐந்து ஊர் ரத்தம், நாலு லட்சம் சரியாக.

முதல் ஆட்டம் போன வருஷத்து வெற்றிக் குழுவோடு. பிரிக்ஸ்டர் அடித்தது முப்பது புள்ளி. இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொத்தோய் மூலையிலிருந்து போட்ட ஐந்தில் நாலு விழுந்தது. ஆனால் கூடைக்கடியில் நின்றவன் மெலெசியோ. எதிராளி எறிந்து தவறிய பந்தெல்லாம் அவன் கைக்குத்தான் போயிற்று. ஓடவில்லை, குதிக்கக்கூட இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், அவ்வளவுதான். ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது, கடைசி நாலு நொடியில், எதிர்க் குழுவின் நெட்டையன் பாய்ந்து போட்ட பந்தைக் கோடாலி ஓங்குகிற அதே வீச்சில் ஒரு தட்டுத் தட்டினான். பந்து மூன்றாவது வரிசையில் போய் விழுந்தது. மணி அடித்தது.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி இரைச்சல். மெடிங் இஸ்கோவின் தோளில் குத்தித் தீர்த்தாள். மேயர் எல்லாம் தன் யோசனை என்பதுபோல் கையசைத்தார். டென்சோ பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். பக்கத்தில் நரைத்த தலையோடு நெட்டையாக வீசிங், "எறங்குண்ணே, விழுந்துடுவே" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுப் பையன்!" என்று கத்தினார் டென்சோ, எதிர்க் குழுவின் பக்கம் கையை நீட்டி. "வெறும் இருபத்திரண்டாயிரம்! கேட்டுக்கோங்கடா, இருபத்திரண்டாயிரம்தான்!"

பெனிங் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா, மெதுவா! அவங்க மேனேஜர் நோட்டு எடுக்கறாரு!"

"எடுக்கட்டுமே" என்றார் டென்சோ. "வர்ற வருஷம் இவனை வேணும்னா அவங்களும் என் வாசலுக்குத்தான் வரணும். ஜாடி நாப்பது இருக்கு."