மூன்றாவது ஜாடி

எங்கள் சேலியமேட்டுத் தெருவில் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம் அது. நட்டுவிட்டுப் போனவர்கள் கம்பி இழுக்க வருவதற்கு ஏழெட்டு மாதம் ஆனது. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் பாய் மூன்று ஜாடி மிளகாயைச் சர்க்கரைப் பாகில் போட்டார் என்று நான் சொல்வேன். இல்லை, விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு என்பாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு என்னைவிட ஞாபகம் அதிகம். ஆனால் நான் மிளகாய்க் கூடையோடு கிளம்பிய காலையில் கம்பங்கள் வெறுமனே நின்றதைப் பார்த்தேனே. வேறு ஒரு காலையைப் பார்த்துவிட்டு இதோடு சேர்த்துச் சொல்கிறேனோ என்னவோ. ஜாடிகள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. வாயில் மல் துணி கட்டியிருக்கும்.

பாய் பாகூர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எங்கள் கொல்லையில் கிணற்றடியில் முப்பது நாற்பது மிளகாய்ச் செடி உண்டு. விதை என் மாமியார் வீட்டு விதை. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரி கரையாம்புத்தூரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். மகளுக்கு நகை போடாதவர்கள் மிளகாய் விதை கொடுத்து அனுப்பினார்கள் என்று என் அக்கா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வேறு கதை. காய் குட்டையாக இருக்கும், தோல் தடிமன், கடித்தால் வெள்ளரிப் பிஞ்சுபோலச் சத்தம் வரும். பாய் வீட்டுச் சமையலுக்கு வாரம் ஒரு கூடை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அந்த வருஷம் பாயின் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பாயம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன். பாண்டி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து வீட்டுக்கு வந்தார். காய்ச்சல் விட்டது, நாக்கு செத்துவிட்டது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இனிமேல் மருந்தில் ஒன்றும் இல்லை, சாப்பிட்டால் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாய் கடையில் இருந்த பொருளையெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் பாயம்மாவே வாய் திறந்து, தன் அம்மா வீட்டு மாங்காய் வேண்டும் என்று கேட்டார். பாகில் போட்டது, இனித்துக்கொண்டே உறைக்குமாம். கார்த்திகை மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவது?

நான் கூடையை இறக்கிவைத்தபோது பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாங்கா இல்லன்னா போவுது. ஒறைக்கறது ஒன்கிட்ட இருக்குது, இனிக்கிறது எங்கிட்ட இருக்குது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "இன்னா பாய், நாளைக்கி வெங்காயத்துல லட்டு புடிப்பீங்களா?"

"புடிச்சா மொத லட்டு ஒனக்குத்தான்டா" என்றார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கடைக்குப் பின்னால் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். முதல் தடவை போட்ட மிளகாய் பாகில் சுருங்கி நூலாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு, வெல்லம் காய்ச்சுகிற ஒருவரைக் கேட்டு வந்தார். மிளகாயைக் காம்போடு முள்ளால் குத்தி, சுண்ணாம்புத் தெளிவில் ஒரு பொழுது ஊறப்போட்டு, நாலு தண்ணீரில் அலச வேண்டும். பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வந்ததும் மிளகாயைப் போட்டு இறக்க வேண்டும். மறுநாள் மிளகாயை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் திரும்பக் காய்ச்சி ஊற்ற வேண்டும். இப்படி மூன்று நாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பாகைத் தொட்டு இழுத்து, அந்த நூலை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பேச்சுக் கொடுத்தால், "சும்மா இருப்பா, கண்ண எடுத்தா கல்லாயிடும்" என்பார்.

முதல் ஜாடியிலிருந்து ஒரு மிளகாயைக் கஞ்சியோடு வைத்துக் கொடுத்தபோது நானும் அங்கே இருந்தேன். பாயம்மா பாதி கடித்தார். கண்ணில் நீர் வந்தது, மூக்கில் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். மீதிப் பாதியையும் தின்றுவிட்டு, கிண்ணத்தை இன்னொரு கரண்டிக்கு நீட்டினார். பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது ஜாடி பாதி ஆனபோது அவர் எழுந்து கடைவரைக்கும் நடந்து வந்தார். "தம்பி, ஒன் மொளகா என்ன எழுப்பி வுட்டுடுச்சுப்பா" என்றார். பாய் என் தோளைத் தட்டி, ஒன் கொல்லை இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அந்த வாரமே செடிகளில் இலை சுருண்டது. சாம்பல் தூவினோம், வேப்பங்கொட்டையை ஊறவைத்துத் தெளித்தோம். பிஞ்செல்லாம் உதிர்ந்தது. இரண்டாவது ஜாடி தீரப்போகிறது என்று பாய் ஆள் அனுப்பிவிட்டார். என் கொல்லையை நம்பி இருக்கிறவரிடம் வெறும் கையோடு எப்படிப் போவது? வில்லியனூர்ச் சந்தையில் மிளகாய் வாங்கி, அதே கூடையில் போட்டு, மேலே எங்கள் செடி இலை நாலைப் பரப்பினேன். சொல்லிவிட்டுக் கொடு என்றாள் என் வீட்டுக்காரி. சொல்லத்தான் போனேன்.

பாய் ஒரு மிளகாயை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். காம்பைக் கிள்ளினார். என்னைப் பார்த்தார். அப்புறம், "வச்சிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது ஜாடியில் மிளகாய் துவண்டு, தோல் தனியாகக் கழன்று மிதந்தது. பாகு நீர்த்துப்போனது. பாயம்மா ஒன்றை வாயில் வைத்தார், எடுத்துவிட்டார். மறுபடி கேட்கவில்லை. கஞ்சியும் நின்றது. எட்டோ பத்தோ நாளில் காய்ச்சல் திரும்பியது. திரும்பவும் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை உயிரோடு திரும்பவில்லை.

மையத்தாங்கொல்லையில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதம் தப்பிடுச்சுப்பா. அவசரப்பட்டுட்டேன்" என்றார். நான் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

மிளகாய் மாறியதால் ஒருவர் சாவாரா? மாட்டார், காய்ச்சல்தான். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஜாடி சரியாக வந்திருந்தால் இன்னும் பத்துக் கிண்ணம் கஞ்சி உள்ளே போயிருக்கும். அந்தத் தெம்பில் காய்ச்சலைத் தாங்கியிருப்பாரோ என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, இல்லை என்பேன். இன்னொன்றுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. அத்தனை வருஷம் மளிகை விற்றவருக்கு, தோல் தடித்த மிளகாய்க்கும் சந்தை மிளகாய்க்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்துதான், என் முகத்துக்காகப் பழியைப் பாகின் மேல் போட்டாரா? இல்லை, வீட்டில் இருந்த கவலையில் உண்மையிலேயே கவனிக்கவில்லையா?

பாய் பிற்பாடு கடையை மூடிவிட்டு வில்லியனூருக்கு மகனோடு போய்விட்டார். இறந்தும் வெகுகாலம் ஆகிறது. போன மாதம் அந்த மகன், தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. பேச்சோடு பேச்சாக அப்பாவைப் பற்றி, "அத்தா கடைசிவரைக்கும் அடுப்புகிட்டயே போவாது. எங் கைக்கி பதம் வராதுன்னு சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். நான் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று கேட்டேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மகளே, அந்தக் கல்யாணத்துக்கு நீதான் போக வேண்டும். என்னால் முடியாது. சாப்பாடு முடிந்து கூட்டம் குறைந்த பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லு. உங்க அத்தாவுக்குப் பதம் தப்பவில்லை, அந்தக் கூடையில் இருந்தது எங்கள் கொல்லை மிளகாய் இல்லை என்று சொல்லு. அது அத்தாவுக்குத் தெரியுமே என்று அவர் சொன்னால், அதையும் வந்து என்னிடம் சொல்லு.