பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள்

லஸ் முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கூப்பிட்டார். என் இடது செருப்பு பஸ் நின்ற இடத்திலேயே கிடந்தது. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், சூடு தெரியவில்லை. செருப்பு வார் தொளதொளத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் டைப்பிஸ்ட். வீடு மயிலாப்பூர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில். அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு அடையாறு வரைக்கும் வீடு வீடாக விற்பாள். அண்ணன் அந்தோணி கடலுக்குப் போவான்.

அண்ணன் டைகர் என்று ஒரு நாய் வளர்த்தான். நாய்க்கு ரோஷம் வரவேண்டும் என்றால் இருட்டில் கட்டிப்போட வேண்டும், சோற்றில் மிளகாய் அரைத்துப் போட வேண்டும், தினமும் நாலு சாத்து சாத்த வேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். அண்ணன் ஒன்று விடாமல் செய்தான். ரோஷம் வந்தது. ஒரு சாயங்காலம் அவன் அடித்துவிட்டுப் போன சூட்டோடு நான் சோறு வைக்கப் போனேன், அது என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அண்ணனுக்கு என்மேல் உயிர். துடுப்பை எடுத்து அங்கேயே அதை அடித்துக் கொன்று, இருட்டுவதற்குள் மணலில் புதைத்தும் விட்டான்.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நாய் எங்கே என்பது.

“அத்த அப்பவே அட்ச்சிப் பொதச்சிட்டேன் சார்,” என்றான் அண்ணன். பாராட்டை எதிர்பார்க்கிற முகம் அவனுக்கு.

“அவசரப்பட்டுட்டியேப்பா. வீட்டு நாய்தானே, பத்து நாள் கட்டிவெச்சுப் பார்த்திருக்கலாம். அது நல்லா இருந்தா ஊசியைப் பாதியில நிறுத்தியிருப்போம். இப்ப முழுசாப் போட்டுத்தான் ஆகணும்.”

வெறிநாய்க்கடிக்கு அப்போதெல்லாம் வயிற்றில்தான் ஊசி, தினம் ஒன்றாகப் பதினாலு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. குத்திய இடமெல்லாம் வயிறு கட்டிகட்டியாக வீங்கியிருக்கும். கடைசி ஊசிகள் பாக்கி இருந்தபோதுதான் செருப்பு கழன்றது.

நரம்பு டாக்டர் முதுகில் குத்தி நீர் எடுத்துப் பார்த்தார். மைலைட்டிஸ் (தண்டுவட அழற்சி) என்றார். மிக அரிதாக, அந்த மருந்தோடு சண்டைக்குப் போகும் உடம்பு தன் தண்டுவடத்தையும் சேர்த்து அடித்துவிடுமாம். ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். கதீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்) போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கிடந்தது யாரோ கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசிக்குப் பயப்படக் கூடாது. வெறிநோய் வந்தால் பிழைப்பில்லை. நான் படுத்திருந்த வார்டுக்கு அடுத்த அறையில் ஒருவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறியதை என் காதால் கேட்டிருக்கிறேன். கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இப்போது மருந்து வேறு, கையில்தான் போடுகிறார்கள்.

என்னைப் போலக் கால் மரத்துப்போனவர்களுக்கு இரண்டு வார்த்தை. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன், படுக்கைப் புண் வந்தது. குளிக்கும் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கால் சொல்லாது.

ஒரு நாள் வலது கால் கட்டை விரல் துளி அசைந்தது. பிசியோதெரபி அம்மா, “அப்படித்தான், அப்படித்தான்” என்றார். அசையாத நாட்களில் அவர் திட்டியதில்லை. வாக்கரைப் பிடித்து நிற்க ஒரு வருஷம் போல ஆயிற்று. வலது கால் பாதி வந்தது, இடது காலுக்கு உணர்ச்சி வரவே இல்லை. பட்டறை வேலை போயிற்று. பேசிவைத்திருந்த கல்யாணமும் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒரு தடவை வந்து பார்த்தார்கள், அதோடு சரி. எனக்குச் செத்துப்போகலாம் என்றுதான் இருந்தது.

அண்ணன் கடலுக்குப் போவான், வருவான், என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் உட்காரவைப்பான். முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். ஒரு நாள் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டான். எடுத்துப்போகச் சொல்லிக் கத்தினேன். குட்டி மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

விரட்டவோ இழுக்கவோ எனக்குக் காலில்லை. அது தானாக வந்தால்தான் உண்டு. அம்மா காயவைத்த நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளி அதன் பக்கம் போட்டேன், அப்புறம் கொஞ்சம் கிட்டே போட்டேன். சில நாளில் என் கையிலேயே வந்து தின்றது. கருவாட்டை மூக்குக்கு மேலே தூக்கினால் தலை நிமிரும், பின்பக்கம் தானாக உட்காரும். உட்கார்ந்த நொடியிலேயே கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால், எழுந்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். என் கட்டை விரலை யாரும் அடித்து அசைய வைக்கவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. பழைய பழக்கத்தில் அண்ணன் ஒருமுறை குட்டிமேல் கை ஓங்கினான். இன்னொரு தடவை ஓங்கினால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்றேன். எந்தக் காலால் போவாய் என்று அவன் கேட்கவில்லை.

அம்மா மீன் விற்ற வீடுகளில் இதைப் பெருமையாகச் சொல்லி வைத்தாள். அடையாறிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் மொபெட்டில் கொண்டுபோய் விடுவான். நாய் பழக்குகிற ஆள் என்றால் பூட்ஸும் பிரம்புமாக வருவார் என்று நினைத்திருந்தவர்கள், ஊன்றுகோலும் கருவாட்டுப் பொட்டலமுமாக நான் இறங்குவதைப் பார்த்து விழிப்பார்கள். பாதிப் பேர் நாசூக்காகத் திருப்பி அனுப்பினார்கள். மீதிப் பேர் வீட்டு நாய்கள்தான் என் பிழைப்பு ஆயின.

அதில் ஒரு வக்கீல் வீட்டில் ராக்கி என்று ஓர் அல்சேஷன். எனக்கு முன்னால் பழக்க வந்தவர் முள் சங்கிலி போட்டு இழுத்துப் பழக்கிய நாய். கழுத்துப் பக்கம் கை போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வக்கீலின் மனைவி மறந்துபோய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்தார், மணிக்கட்டைக் கடித்துவிட்டது. நான் போனபோது, ராக்கியைப் பிடித்துப்போய்த் தீர்த்துவிட வக்கீல் கார்ப்பரேஷன் நாய் வண்டிக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வீட்டம்மாவுக்கு இன்றைக்கே ஊசி போட ஆரம்பியுங்கள், நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள் என்றேன். புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் கெண்டைக்கால் தழும்பைக் காட்டி, என் கதையைச் சொன்னேன்.

“செத்த நாய் ஒண்ணும் சொல்லாது சார். உயிரோட இருந்தாத்தான் சொல்லும்.”

வக்கீல் நாய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். தினமும் போனேன். எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கிறதா, விழுங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கிழமை என்றுகூட நினைவில்லை. அன்றிலிருந்து எனக்கு நாள் கணக்கு என்றால், ஒரு நாய் இன்னும் சாப்பிடுகிறது என்பதுதான்.

பத்தாம் நாள் ராக்கி தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டது. இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக வக்கீலின் மனைவி சந்தோஷமாக வந்து சொன்னார். அண்ணன் வாசல் கேட்டில் மொபெட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்தான். வண்டியை எடுக்கவில்லை.

“அன்னிக்கி டைகரு உசுரோட இருந்திருந்தா நீ நல்லா நடந்துக்கினு இருப்பே. இல்ல?”

இந்தக் கேள்விக்கு வருஷக்கணக்கில் பதில் வைத்திருந்தேன். அவனைக் குத்திக் கிழிக்க ஒன்று, தேற்ற ஒன்று. இரண்டையும் விட்டுவிட்டேன். நரம்பு டாக்டரையே நான் கேட்டிருக்கிறேன், சொல்ல முடியாதம்மா என்றுதான் அவரும் சொன்னார்.

“தெரியல அண்ணே. ஆனா டைகரு உசுரோட இருந்திருக்கும்.”

 அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு குனிந்து என் காலைத் தூக்கி மிதிகட்டையில் வைத்தான். தூக்கியது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இடது கால். செருப்பின் வாரை இழுத்து இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.