கொட்டாங்குச்சியில் உருகிய இரும்பு

உருக்காலைக்குக் கரி அனுப்புகிறவள் வெள்ளைப் புடவை மட்டும் வாங்கவே கூடாது. தூசியோடு மாரடிக்கிற எந்தத் தொழில்காரருக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மண்டபத்தில்

பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில்தான் எனக்குக் கொட்டாங்குச்சி கிடைக்கும். ஒருநாள் அள்ளிக்கொண்டிருந்தபோது, பல்பொடிக்கா என்றார் சமையல்காரர். இல்லை அண்ணே, பழைய இரும்பை உருக்கும்போது சூட்டைக் கூட்டவும் துருவிலிருந்து இரும்பை மீட்கவும் கரி வேண்டும், நிலக்கரிக்குப் பதிலாக இதைச் சுட்டுத் தருகிறோம், அந்த இரும்பு கம்பியாகிப் பாலத்துக்கெல்லாம் போகும் என்று மூச்சு வாங்க விளக்கினேன். கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப நான் சட்னி அரைச்ச தேங்கா பாலத்துல நிக்குதுன்னு சொல்லும்மா."

தண்ணீர் தெளித்த கை

முதல் லோடு ஆலை வாசலோடு திரும்பியது. ஃபோர்மேன் பாஷா பாய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரம் என்றார். உருகுகிற இரும்பில் ஈரக் கரி விழுந்தால் வெடித்துத் தெறிக்குமாம். இன்னும் ஒரே ஒரு லோடு பார்ப்போம், அதுவும் இப்படி வந்தால் இந்தப் பக்கமே வராதீங்க என்றுவிட்டார். என்னை நம்பி வேறு வேலையை விட்டுவிட்டுக் கரி சுட வந்த பெண்களுக்கு என்ன பதில் சொல்வது?

விசாரித்தால், என்னோடு கரி சுடும் மேரி, கொட்டாங்குச்சி வேகிற டிரம்மைத் திறந்ததும் வீட்டு அடுப்புப் பழக்கத்தில் தணல்மேல் தண்ணீர் தெளித்திருக்கிறாள். மூடி போட்டு, மண் பூசி, தானாக ஆறவிடணும் என்று கத்தித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"வீட்ல தெளிச்சா சமத்துன்றாங்க, இங்க தெளிச்சா தப்புன்றீங்க, இந்தக் கை யார் பேச்சத்தான்கா கேக்கும்?"

பட்டுக்காரர்

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் பட்டு நெய்கிறவர். கரித்தூள் பாவு நூலில் படிகிறதென்று தினமும் சண்டைதான். இரண்டாவது லோடு ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் மரமாக நிற்க, அண்ணன், தெருவில் நீட்டுகிற பாவு நூலை மூட வைத்திருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மூட்டைகள்மேல் விரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடாத. நீ நல்லா வந்து, தள்ளி ஒரு பெரிய எடமா பாத்துக்கினு போனாத்தான் என் பட்டு பொழைக்கும்."

உலை வாசலில்

அந்த லோடோடு நானும் மேரியும் லாரியிலேயே போனோம். பாய் மூட்டைக்குள் கையை விட்டார், எடுத்தார், உலைப் பக்கம் கை காட்டினார். கரி உலைக்குள் போனது. வெடிக்கவில்லை. கொஞ்சம் இரும்பை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை மேரி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

இரும்பு நன்றாக வந்திருந்தது. ஆலை என்றும் பார்க்காமல் இருவரும் குதித்தோம். கறுத்த கையைப் பார்த்தால் தள்ளி நில்லு என்று சொல்கிறவர்களைத்தான் எங்களுக்குப் பழக்கம். பாய் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

"நிலக்கரியா கொட்டாங்குச்சியான்னு இரும்பு பேதம் பாக்கலம்மா, நாங்கதான் பாத்துக்கினு இருந்தோம்."

எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் மிஞ்சுகிற கரியை இப்போதெல்லாம் யாரிடமும் மறைக்கத் தோன்றுவதில்லை என்பதுதான், வெள்ளைப் புடவை நஷ்டத்தைக் கழித்துப் பார்த்தால், இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.