மச்சாள் மோர்ஸ் தட்டினார், பஸ் நின்றது

மோர்ஸ் சோதனை இல்லாமலே எனக்கு அமெச்சூர் வானொலி லைசென்ஸ் கிடைத்துவிட்டது! புதுக்குடியிருப்பு பஸ்ஸில் பக்கத்திலிருந்த மச்சாளிடம் இன்று பீற்றிக்கொண்டேன்.

மச்சாள், புள்ளியும் கோடுமாய்த் தட்டிச் செய்தி அனுப்பும் அந்த மோர்ஸைப் பாடமாக்கி லைசென்ஸ் எடுத்தவர்.

“அது அரை லைசென்ஸ். உன்ரை பேரைத் தட்டவாவது தெரியுமோ உனக்கு? இப்பிடித்தான்.”

சாவியால் ஜன்னல் கம்பியில் தட்டிக் காட்டினார்.

கண்டக்டர் ஒருமுறை தட்டினால் பஸ் நிற்கும், இருமுறை தட்டினால் புறப்படும். ட்ரைவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ் நின்றது. புறப்பட்டது. மறுபடியும் நின்றது.

கண்டக்டர் கத்தினார்: “ஆரப்பா இறங்கிறது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை, என்ரை பேர் இன்னும் முடியேல்லை!” என்றேன் நான்.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

சரி, மோர்ஸ் கட்டாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ் ஓட்டும் லைசென்சுக்கு. நீங்கள் எந்தப் பக்கம்?