எந்த மேட்டுப்பாளையம்?

யானைகளைக் கணக்கெடுக்க யானையைப் பார்க்க வேண்டியதே இல்லை, அது போட்ட சாணம் போதும். அதன் மேற்பூச்சில் குடலிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒட்டியிருக்கும். அந்த மரபணுவை வைத்து இது இன்ன யானை என்று அடையாளம் சொல்லிவிடலாம். ஒரே காட்டில் இரண்டு சுற்று சேகரிக்க வேண்டும். முதல் சுற்றில் வந்தவற்றில் எத்தனை இரண்டாம் சுற்றிலும் தலைகாட்டுகின்றன என்பதை வைத்துத்தான் மொத்தக் கணக்கு. இரண்டாம் சுற்று இல்லையென்றால் முதல் சுற்று குப்பை. முனைவர் பட்டத்துக்காகப் புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் நான் ஐந்து வருடம் மாரடித்தது இதற்காகத்தான்.

இரண்டாம் சுற்றை நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் முடித்தேன். காட்டுக்குள் போகும் அனுமதி அதோடு தீர்ந்தது. உதவித்தொகையும் மூன்று மாதத்தில் நின்றுவிடும். சாணத்தில் ஸ்பிரிட் ஊற்றி அடைத்த குப்பிகளைப் பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனால், பேருந்து நடத்துநர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஆனைச் சாணியா? கீழ எறக்குங்க மொதல்ல."

வேறு வழியில்லாமல் பார்சலில் போட்டேன். எந்தக் காட்டுச் சாணம் என்று தெரிய வேண்டுமே என்று மூடியில் கொட்டை எழுத்தில் 'மேட்டுப்பாளையம்' என்று எழுதியது நான்தான். முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியதும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டு நாளாகியும் பெட்டி வரவில்லை. சோறு இறங்கவில்லை. புதுச்சேரி பார்சல் அலுவலகத்தில் போய் நின்றேன்.

"சீட்டு மழையில கிழிஞ்சு போச்சும்மா. மேல மேட்டுப்பாளையம்னு போட்டிருந்துச்சு, அனுப்பிட்டோம்."

"எந்த மேட்டுப்பாளையம்?"

"இன்னாம்மா கேக்குற? நம்ம மேட்டுப்பாளையந்தான். கம்பெனிங்க இருக்குதே."

நான் கருவடிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் மேட்டுப்பாளையம் என்றால் தொழிற்பேட்டைதான், மலையை எவன் நினைப்பான்? எனக்கே உறைக்காதபோது அவரைத் திட்டி என்ன பயன்? ஆனாலும் திட்டினேன்.

ஸ்பிரிட்டில்தானே இருக்கிறது, கெட்டுப்போகாது, கெட்டுப்போகாது என்று ஆட்டோவில் வாய்விட்டே புலம்பிக்கொண்டு போனேன். ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கினேன். ஐந்தாவது கம்பெனியின் வாட்ச்மேன் முகம் மலர்ந்தார்.

"அந்தப் பொட்டி உன்னுதாம்மா? வா, வா. பத்திரமா வெச்சிருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருடைய அறைக்குப் பின்னால், வெயிலில் சாக்கு விரித்துக் குப்பிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன.

"எவனோ வேணும்னே சாணிய அடைச்சு வெச்சிருக்காம்மா, கம்னாட்டி. நாத்தம் கொடலப் புடுங்குச்சு. ஒண்ணொண்ணா பினாயில் போட்டுக் கழுவுனேன். ஒண்ணுகூட ஒடயல, எண்ணிப் பாத்துக்கோ."

ஒன்றை எடுத்து நிமிர்த்தினேன். நான் கீறியிருந்த எண் அப்படியே இருந்தது. உள்ளே பொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஏம்மா அழுவுற? அதான் எல்லாம் கெடச்சிடுச்சே!"